உஷார்! பாட்டு ஏறிவிட்டது, பூட்டு எங்கே?

வார இறுதியில் கூடலூருக்கோ கோத்தகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ போகிறார்கள். ஒரு மூதாட்டியைத் திண்ணையில் உட்காரவைத்து, "பாட்டி, அந்தச் சாவுப்பாட்டு ஒண்ணு பாடுங்களேன்" என்று கெஞ்சுகிறார்கள். பாடி முடிப்பதற்குள் செல்பேசியில் பிடித்தாயிற்று. மலையிறங்கும் பஸ்ஸிலேயே யூடியூபில் ஏற்றியும் ஆயிற்று. தலைப்பில் 'அழிந்துவரும்' என்ற சொல் தவறாமல் இருக்கும். கீழே நூறு பேர் கைகூப்பியிருப்பார்கள். பாட்டியின் பேரன் அதை மூன்று மாதம் கழித்து, யாரோ அனுப்பிய வாட்ஸ்அப்பில் பார்ப்பான்.

நம் வீட்டில், சாவு விழாத நாளில், சும்மா ஒப்பாரி பாடச் சொல்லிப் பாருங்கள். விளக்குமாறு பறந்து வரும். மலையில் மட்டும் எந்தப் பாட்டையும் எந்த நேரத்திலும் யாரும் கேட்கலாம் என்று நமக்கு யார் சொன்னது?

நல்ல மனசோடுதான் செய்கிறீர்கள், தெரியும். இந்த எச்சரிக்கை நல்ல மனசுக்காரர்களுக்குத்தான். திருட வருகிறவனை ஊர் அடையாளம் கண்டு கொள்ளும். காப்பாற்ற வந்தவரைத்தான் உள்ளே விட்டு, உட்கார வைத்து, காப்பி கொடுத்து, எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

அவசரத்துக்கு நியாயம் இருப்பதையும் மறுக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-இல் அபாயச் சங்கு ஊதியது. 2025-க்குள் டிஜிட்டலுக்கு மாற்றப்படாத காந்த நாடாக்களில் பெரும்பாலானவை கைவிட்டுப் போனவை என்றே எண்ணிக்கொள்ளுங்கள் என்றது. நாடா மக்குவது பாதிக் காரணம்தான். அதை ஓட்டும் கருவிகளை இப்போது அநேகமாக யாரும் செய்வதில்லை, உதிரி பாகம் கிடைப்பதில்லை, ரிப்பேர் தெரிந்தவர்களும் அருகிப்போனார்கள். அந்த 2025-உம் வந்துவிட்டது. நம் ஊர் ஈரக்காற்றில் பீரோவுக்குள் கிடக்கும் கேசட்டின் கதி இன்னும் மோசம். பூஞ்சை வெள்ளையாகப் படர்ந்திருக்கும், ஓட்டினால் பழுப்புப் பூச்சு உரிந்து ஹெட்டில் ஒட்டும். 2018 செப்டம்பர் 2 இரவு ரியோ டி ஜெனிரோவில் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது, பேசுவதற்கு ஆளே மிஞ்சாத பழங்குடி மொழிகளின் ஒலிப்பதிவுகளும் உள்ளே இருந்தன. பிரதி எடுக்காதவை சாம்பலோடு போயின.

தமிழனுக்கு இந்தப் பயம் ரத்தத்தில் ஊறியது. கரையான் தின்ற ஏடு, ஆற்றில் விட்ட ஏடு, அடுப்பில் போன ஏடு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து 1887-இல் சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் நம் மனசில் 'காப்பாற்றுவது' என்பதற்கான அர்த்தம். தேடு, எடு, அச்சிடு, ஊரறியக் கொடு. நமக்கு அது சரியாக வந்தது. எடுத்தவரும் நம்மவர், ஏடும் நம்முடையது, படிக்கப் போகிறவர்களும் நாமே. இந்தப் பழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு நீலகிரித் தோடர்களின் மந்துக்குள், அதாவது அவர்கள் ஊருக்குள், நுழைவதில்தான் வினை இருக்கிறது.

தோடர் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜிலிருந்து வந்த டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1901-02-இல் நீலகிரியில் தங்கி, தோடர்களின் எருமைப் பால் கோயில்களின் சடங்குகளை நுணுக்கமாகக் கேட்டு எழுதினார். 1906-இல் புத்தகம் வந்தது. மானிடவியல் படிப்பவர்கள் இன்றும் தலையில் வைத்துக் கொண்டாடும் புத்தகம். அதில் அவரே ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார். அவர் மலையிறங்குவதற்கு முன்பே, புனித இடங்களைக் காட்டிக் கொடுத்தவர் ஒருவர் நோயில் விழுந்தார். மிகப் புனிதமான ஒரு சடங்கைச் செய்து காட்டியவரின் மனைவி சில நாளில் இறந்தார். உயர்ந்த பால் கோயிலின் இரகசியத்தைச் சொன்னவருடைய ஊரின் பால் கோயில் தீயில் போனது. குறி சொல்பவர்கள் காரணம் சொன்னார்கள்: வெளியாளிடம் சொல்லக் கூடாததைச் சொன்னதால் சாமிக்குக் கோபம். நீங்கள் சாமியை நம்ப வேண்டியதில்லை. சொன்ன மூவரும் தங்கள் ஊரில், தங்கள் ஜனத்தின் நடுவில், எந்தப் பழியோடு மிச்ச நாளைக் கழித்திருப்பார்கள் என்று மட்டும் யோசியுங்கள். ரிவர்ஸ் கப்பலேறிவிட்டார். புத்தகம் இன்று யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளும் கோப்பாக வலையில் கிடக்கிறது.

அச்சுப் புத்தகத்தையாவது நிறுத்த ஒரு வழி இருந்தது. ஆஸ்திரேலியப் பாலைவனத்துப் பிட்ஜன்ஜாரா மூத்தவர்கள் 1940-இல் சார்லஸ் மவுண்ட்ஃபோர்டு என்பவரை நம்பி, ஆண்களுக்கு மட்டுமே உரிய சடங்குச் செய்திகளைக் காட்டினார்கள். சுமார் முப்பத்தைந்து ஆண்டு கழித்து அவை படங்களோடு புத்தகமாகக் கடைக்கு வந்தன. தங்கள் பெண்களும் தீட்சை பெறாத பிள்ளைகளும் பார்த்துவிடுவார்களே என்று பதறி அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1976-இல் வடக்குப் பிரதேச உச்ச நீதிமன்றம் அங்கே விற்பனைக்குத் தடை போட்டது. நம்பிச் சொன்னதை அம்பலப்படுத்தக் கூடாது என்பதே வாதம், அது எடுபட்டது. இப்போது அதே செய்தி மூன்று நிமிட வீடியோவாக வந்திருந்தால்? தடை உத்தரவு வாங்கும் நேரத்தில் அது நாற்பது பக்கங்களில் மறுபதிவாகி, இசை சேர்க்கப்பட்டு, ஷார்ட்ஸாக வெட்டப்பட்டு ஓடிக்கொண்டிருக்கும். வழக்கு யார் மேல் போடுவது?

மருந்து விஷயம் இதைவிட நெருப்பு. 1987-இல் அகத்தியமலைக் காட்டுக்குள் போன விஞ்ஞானிகள் களைத்து உட்கார்ந்தபோது, வழிகாட்ட வந்த காணிப் பழங்குடி இளைஞர்கள் மட்டும் ஏதோ ஒரு பழத்தைத் தின்றுகொண்டு தெம்பாக நடந்தார்கள். என்ன பழம் என்று கேட்டதற்கு முதலில் சொல்ல மறுத்தார்கள். வற்புறுத்திய பிறகுதான் வாய் திறந்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற செடி வெளியே வந்த கதை இது. பாலோட்டில் உள்ள தாவர ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தைச் செய்து, கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கு உரிமம் கொடுத்தது. அந்தத் தொகையிலும் 2 சதவீத ராயல்டியிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997-இல் அவர்களுக்கு ஓர் அறக்கட்டளையும் பதிவானது. பலன் பங்கீட்டுக்கு உலகமே உதாரணம் காட்டும் கதை இதுதான், காட்டட்டும். ஆனால் வைத்தியம் அறிந்த மூத்த காணிகளில் பலர், எங்களைக் கேட்காமல் எங்கள் இரகசியத்தை விற்றது யார் என்று கேட்டார்களே, அதற்கு யார் பதில் சொன்னார்கள்? அமெரிக்காவில் ஒரு நிறுவனம் 'ஜீவனி' என்ற பெயரையே தன் வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்டது. நேர்மையாக நடக்க முயன்றவர்கள் கையிலேயே இவ்வளவு நழுவிப் போயிருக்கிறது. பாபநாசம், காரையாறு பக்கம் இருக்கும் காணிகளிடம் போய், "இந்த வேர் எதுக்குத் தாத்தா?" என்று கேட்டு நேரலை போடுகிறவர்கள் இதை ஒருமுறை நினைக்க வேண்டும். செடியும் காட்டுகிறீர்கள், பயனும் சொல்கிறீர்கள், இடத்தையும் வரைபடத்தில் குறித்துவிடுகிறீர்கள். வேர் பிடுங்குகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

இதெல்லாம் பழைய ஆபத்து. புதிதாக ஒன்று வந்திருக்கிறது, அது சத்தமே போடாது.

நியூசிலாந்தின் வட முனையில் கைதாயா என்ற சிற்றூர். அங்கே ஐந்து மாவோரிக் குலங்கள் சேர்ந்து நடத்தும் வானொலி நிலையம் தெ ஹிகு மீடியா. முப்பது ஆண்டுக்கு மேலாக மூத்தவர்களின் பேச்சைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். அந்தக் குவியலை எழுத்தாக மாற்றக் கணினிக்கு மாவோரி கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. 2018-இல் மக்களிடம் குரல் கேட்டார்கள். பத்தே நாளில் சுமார் 2,500 பேர், 300 மணி நேரத்துக்கு மேல் வாசித்துக் கொடுத்தார்கள். சேதி பரவியதும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று மணிக்கு இவ்வளவு என்று விலை பேச வந்தது. தர மாட்டோம் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் மாவோரி பேசியதற்காக எங்கள் பாட்டன்களை அடித்தார்கள். இன்று அதே மொழியைப் பொட்டலம் கட்டி எங்களுக்கே விற்கப் பார்க்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். யூடியூபை நம்பாமல் தங்கள் வீடியோக்களுக்குச் சொந்தத் தளம் கட்டியவர்கள் இவர்கள்.

இவ்வளவு உஷாராக இருந்தவர்களுக்கே என்ன நடந்தது, பாருங்கள். 2022-இல் ஓப்பன் ஏஐ நிறுவனம் 'விஸ்பர்' என்ற பேச்சறியும் மென்பொருளை வெளியிட்டது. இணையத்திலிருந்து திரட்டிய 6,80,000 மணி நேர ஒலியில் பயின்றது அது. அவர்களே வெளியிட்ட கட்டுரையின் அட்டவணையில் மாவோரி என்ற பெயருக்கு நேரே 1,381 மணி நேரம் இருந்தது. ஹவாய் மொழிக்கு 338. யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்று தெ ஹிகு ஆட்கள் பகிரங்கமாகக் கேட்டார்கள். நீங்கள் பதிந்த இருளப் பாட்டியின் பாட்டு பொதுவெளியில் இருந்தால், அதை மனிதர்கள் மட்டும் கேட்பதாக எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். சில நிமிடக் குரல் இருந்தால் அந்தக் குரலையே போலியாகச் செய்யும் கருவிகள் இன்று சல்லிசாகக் கிடைக்கின்றன. பாட்டி பாடாத பாட்டைப் பாட்டி பாடுவார்.

"இருந்தாலும் யூடியூபில் இருந்தால் பத்திரம்தானே?" பத்திரமா! மைஸ்பேஸ் என்று ஒன்று இருந்தது, நினைவிருக்கிறதா? 2003 முதல் 2015 வரை ஜனங்கள் ஏற்றிய பாட்டுகளையெல்லாம் சர்வர் மாற்றும்போது தொலைத்துவிட்டோம் என்று 2019-இல் அது கையை விரித்தது. சுமார் ஐந்து கோடிப் பாட்டுகள் என்றார்கள். யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. இலவசமாகக் கொடுத்த இடத்தில் நமக்கு என்ன உரிமை? ஆக, இந்த வழியில் இரண்டு நஷ்டமும் சேர்ந்தே வரும். ஊராருக்கு வேண்டும்போது பாட்டு இருக்காது; வேண்டாதவர்கள் கையில் அதன் நகல் எங்காவது இருந்துகொண்டே இருக்கும்.

அப்படியானால் பதிவே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், அவசரமாக வேண்டும். பூட்டோடு வேண்டும்.

மவுண்ட்ஃபோர்டு விஷயத்தில் சூடுபட்ட அதே பிட்ஜன்ஜாரா மக்களும் அவர்களுடைய பக்கத்து யங்குன்ஜாஜாரா மக்களும் 1994-இல் 'ஆரா இரிடிட்ஜா' என்ற டிஜிட்டல் காப்பகத்தைத் தொடங்கினார்கள். பாதிரியார்களும் ஆசிரியர்களும் அதிகாரிகளும் எடுத்துக்கொண்டு போன பழைய புகைப்படங்களைத் தேடிப் பிடித்து, நகலெடுத்து, ஊர்களுக்கே கணினியில் கொண்டுபோனார்கள். அதில் ஆண்கள் மட்டும் பார்க்கக்கூடியது தனி, பெண்கள் மட்டும் பார்க்கக்கூடியது தனி. ஒருவர் இறந்துபோனால் அவர் படத்தைக் குடும்பம் மூடிவைக்கச் சொல்லலாம், துக்கம் ஆறியபின் திறக்கச் சொல்லலாம். அதே ஆஸ்திரேலியாவின் டெனன்ட் கிரீக்கில் வருமுங்கு மக்கள் 2007-இல் தொடங்கிய காப்பகம் இன்னும் நுட்பமானது. உள்ளே நுழைகிறவர் யார் மகன், எந்த நிலத்துக்கு உரியவர், ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து அவருக்குக் காட்ட வேண்டியதை மட்டும் காட்டும். அதிலிருந்து பிறந்த 'முகுர்து' மென்பொருள் இன்று இலவசம். எந்தச் சமூகமும் எடுத்து நிறுவிக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பாசமகுவாடி மக்களின் பாட்டுகளை 1890 மார்ச்சில் ஃப்யூக்ஸ் என்பவர் மெழுகு உருளைகளில் பதிந்தார். உலகில் களத்துக்குப் போய் எடுத்த முதல் ஒலிப்பதிவுகளில் அவை உண்டு. உருளைகள் ஹார்வர்டுக்குப் போய், பிறகு காங்கிரஸ் நூலகத்துக்குப் போயின. பாடியவர்களின் சந்ததிக்கு 1980-களில் கிடைத்தது இரைச்சல் நிறைந்த கேசட் நகல். நூறாண்டுக்கு மேல் கடந்து, ஒலியைத் துலக்கிய பிறகுதான் மூத்தவர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு, என்ன பாட்டு என்று தங்கள் மொழியிலேயே எழுதிச் சேர்த்தார்கள். எதை உலகம் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்ற குறிப்பும் இப்போது நூலகத்தின் பதிவேட்டிலேயே ஏறியிருக்கிறது.

இவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். ஆரா இரிடிட்ஜா முதலில் ஃபைல்மேக்கர் என்ற மென்பொருளில் கட்டப்பட்டு, பின்னால் முழுவதையும் வேறொன்றுக்கு மாற்ற வேண்டி வந்தது. காப்பகம் என்றால் கட்டி முடிப்பது கிடையாது, காலமெல்லாம் கட்டிக்கொண்டே இருப்பது. நம் ஊரில் நிதி வந்தால் திட்டம், நிதி நின்றால் மௌனம். டொமைன் பெயரைப் புதுப்பிக்க ஆளில்லாமல் போன வலைத்தளங்களில் ரம்மி விளம்பரம் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஆள் வேலை மாறிப் போனால் ஒரு ஜனத்தின் பாட்டு மொத்தமும் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

ஒரு ஆட்சேபம் வரும், தமிழ்நாட்டில் வராமல் இருக்காது. "பூட்டி வைத்தவர்களை எதிர்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி மந்திரத்தை ஊருக்கே சொன்ன இராமானுசர் வழி எங்கள் வழி" என்பார்கள். மறந்துவிடாதீர்கள், இராமானுசர் அந்த மரபின் சீடர். பதினெட்டு முறை நடந்து கேட்டுப் பெற்று, நரகம் போனாலும் நானே போகிறேன் என்று பாவத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டவர். கோபுரம் ஏறும் உரிமை காணிப் பெண்ணுக்கும் தோட இளைஞனுக்கும் இருக்கிறது. அவர்களில் ஒருவர் ஏறினால் நான் கைதட்டுவேன். வாடகைக் காரில் வந்த நீங்களும் நானும் ஏறுவது வேறு கதை. ஊருக்குள்ளும் சண்டை இருக்கும் என்பது உண்மை. தலைவர் சரி என்பார், பெண்கள் வேண்டாம் என்பார்கள். காணிகளிடையேயும் ஒரே குரல் இருக்கவில்லை. ஒருவர் தலையாட்டியதும் 'சமூகத்தின் ஒப்புதல் கிடைத்தது' என்று அறிக்கையில் எழுதுகிற வழக்கத்தை முதலில் விடுங்கள்.

சட்டம் காப்பாற்றும் என்றும் மிதப்பாக இருக்க முடியாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை பொதுவாக அதைத் தயாரித்தவருக்கு, அதாவது பொத்தானை அழுத்தச் செலவழித்தவருக்கு. பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று ஏட்டில் உண்டு. அந்தப் பாட்டு எந்தக் குலத்துக்குச் சொந்தம் என்று கேட்க அந்தச் சட்டத்தில் பத்தியே கிடையாது. ஆனால் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தைப் புரட்டுங்கள். பிரிவு 3(1)-இன் 'கே' உட்பிரிவுக்குப் போங்கள். பல்லுயிர் வளமும் பண்பாட்டு வளமும் சார்ந்த மரபறிவின் மீது சமூகத்துக்கு அறிவுசார் உரிமை உண்டு என்று அங்கே எழுதியிருக்கிறது. பட்டாவுக்காகவும் தேனுக்காகவும் இந்தச் சட்டத்தைக் கையில் எடுக்கும் கிராம சபைகள் பாட்டுக்காகவும் எடுக்கலாம். கோத்தகிரியில் பழங்குடி மொழிகளில் ஒலிபரப்பும் சமுதாய வானொலி இருக்கிறது. தெ ஹிகுவும் வானொலியாகத் தொடங்கியதுதான்.

சரி, பதிவெடுக்கப் போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் பயணத்தில் கருவியை எடுக்காதீர்கள், ஊர்க்கூட்டத்தில் பேசுங்கள். யார் கேட்கலாம், எந்தக் காலத்தில் கேட்கலாம், பாடியவர் காலமான பின் என்ன செய்வது, நாளைக்கு வேண்டாம் என்றால் யாரிடம் சொல்வது என்பதையெல்லாம் அவர்கள் மொழியில் பேசி, அவர்கள் வாயாலேயே பதிந்து பாட்டோடு சேர்த்து வையுங்கள். 'கணினிக்குப் பயிற்சி கொடுக்கப் பயன்படுத்தக் கூடாது' என்ற வரி அதில் இருக்கட்டும். மருந்துச் செடி என்றால் பெயரும் இடமும் பொதுக் கோப்பில் வரவே கூடாது. ஒலியை அசல் தரத்தில் வேவ் கோப்பாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியது நசுங்கிய நகல், அது காப்பகத்துக்கு ஆகாது. மூன்று பிரதி, இரண்டு விதச் சாதனம், ஒன்று வேறு ஊரில். சாவியும் பாஸ்வேர்டும் அந்த ஊர் ஆட்கள் குறைந்தது இரண்டு பேரிடம், அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. வீட்டில் பழைய களப்பணிக் கேசட் வைத்திருக்கும் பேராசிரியர்களே, பூஞ்சை பிடித்ததைப் பழைய டெக்கில் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள், அதோடு முடிந்தது. தெரிந்தவரிடம் சுத்தம் செய்யக் கொடுங்கள், அதுவும் இந்த வருஷமே.

ஏற்கெனவே ஏற்றிவிட்டவர்கள் இன்று இரவே அந்த வீடியோவை 'பிரைவேட்' ஆக்குங்கள். அழிக்க வேண்டாம், உங்களிடம் இருப்பது ஒரே பிரதியாக இருக்கலாம். வெளியே போன நகல்கள் திரும்ப வராது, ஆனாலும் செய்யுங்கள். பிறகு அந்த ஊருக்குச் சேதி அனுப்பி, இதை வைத்திருக்கட்டுமா, யார் பார்க்கலாம் என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமாகும், திருவிழா வரும், மழை வரும். பதில் வரும்வரை மூடியே இருக்கட்டும். அடுத்த முறை மலைக்குப் போகும்போது அசல் கோப்பைப் பென்டிரைவில் போட்டு எடுத்துப் போய், பாடியவரின் வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள்.